அணைந்ததா என்று பார்க்கத் திறந்தவன்

எங்கள் ஊரில் ஜூன் என்பது ஒரு மாதம் அல்ல, பன்மை. ‘ஜூன்கள்’ என்றுதான் சொல்வோம். பழைய மக்காச்சோளம் தீர்ந்துபோய், வயலில் புதுச்சோளம் இன்னும் பால் பிடிக்காமல் நிற்கிற நாட்கள் அத்தனைக்கும் அதுதான் பெயர். நாட்காட்டியைக் கேட்காதீர்கள், அது பட்டணத்தில் அச்சடித்தது. கெட்டிக்கார வீட்டுக்கு ஜூன்கள் ஜூலையில் வரும். சோம்பேறி வீட்டுக்கு மே மாதம் வரும். என் கொம்பாத்ரே அப்போலினாரியோவின் வீட்டில் ஏப்ரலிலேயே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

அவன் சோம்பேறி அல்ல, அவசரக்காரன். இந்த லெம்பிரா மலைகளில் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

அவசரம் அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. அவன் அம்மா கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, கூடை நிறையும்வரைகூடப் பொறுக்காமல் ஏழாம் மாதத்தில் வெளியே வந்தவன். ஊர் அவனுக்கு ‘ஏழுமாசம்’ என்று பெயர் வைத்தது. சாமியார் வைத்த பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. பூசையில் சாமியார் வாயை மூடுவதற்கு முன் ஆமென் சொல்வான். ஹசிந்தாவை அழைத்துக்கொண்டு ஓடுவதற்கு இருவரும் பேசிவைத்தது ஒரு சனிக்கிழமை. இவன் வெள்ளிக்கிழமையே ஒரு கழுதையோடு ஆற்றங்கரையில் போய் நின்றான். அவள் முழங்கை வரை சோப்பு நுரையோடு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "வந்ததுதான் வந்தே, இந்தப் போர்வையப் பிழி" என்றாளாம். பதினோரு உருப்படி பிழிந்த பிறகுதான் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.

அவர்களுடைய பெண் லிதியாவுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால்தான் நாங்கள் கொம்பாத்ரேக்கள், ஹசிந்தா எனக்குக் கொமாத்ரே. அதுவரை வாடா போடா என்று திரிந்தவர்கள், குழந்தை தலையில் தண்ணீர் பட்டதும் ‘நீங்க’ என்று மாற வேண்டும். இங்கே அது சட்டம். அதற்காகத் திட்டு குறைந்தது என்று நினைக்க வேண்டாம். "நீங்க ஒரு கழுதைங்க, கொம்பாத்ரே" என்று மரியாதை குறையாமல் சொல்லிக்கொள்வோம். இந்தக் கதை அவன் காதில் விழப்போவதில்லை என்பதால் இங்கே ‘அவன்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

சோளம் நன்றாகக் காய்வதற்கு முன்பே ஒடித்து, ஈரம் போகாமல் பரணில் ஏற்றிவிடுவான். மூக்கு நீண்ட சின்ன வண்டு அதில் குடும்பத்தோடு வந்து தங்கும். ஒரு வருஷம் ஏப்ரலில் ஹசிந்தா பரணில் கையை விட்டாள். கதிரைத் தொட்டால் மாவாகக் கொட்டியது. பாதிக்குமேல் உளுத்துப்போயிருந்தது. மிச்சத்தை இழுத்துப் பறித்து ஓட்ட, பச்சை வாழைக்காயை அவித்து மசித்து மாவில் கலந்து ரொட்டி தட்டினாள். அந்த ரொட்டி கறுத்திருக்கும், ஆறினால் செருப்புத்தோல்தான். லிதியா பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். இரண்டாம் முறை நான்தான் தூக்கிவந்தேன். ஒன்பது வயதுப் பெண் கையில் கனமே இல்லை. அன்றைக்கு அவள் அப்பன்மேல் எனக்கு வந்த கோபத்தை எந்த ‘நீங்க’வும் தாங்கியிருக்காது.

ஹசிந்தா அதிகம் பேசுகிறவள் அல்ல. அந்த டிசம்பரில், அறுவடைக்கு நடுவே, வீட்டுப் பன்றியைக் கயிற்றில் கட்டி அடுத்த ஊர்த் தகரக்கொல்லன் எலியோதோரோவிடம் ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பும்போது பன்றி இல்லை. நாலு ஆள் தோளில் ஒரு தகரக் குதிர் வந்தது. ஆள் உயரம், வட்டமாக, மேலே ஒரு மூடி, அடியில் சோளம் எடுக்க ஒரு வாய். அவர்கள் வீடு ஒரே அறை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பலகை போட்டு அதை நிறுத்தினார்கள். அறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"பன்னியா இருந்தா குட்டி போடும், கொமாத்ரே. இது என்ன போடும்?"

"ஜூன்கள்ல ரொட்டி போடும்" என்றாள் ஹசிந்தா. பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "எனக்கும் ஜூன்லதான் நாள் வருது. வாழைக்காய் ரொட்டியத் தின்னுட்டு நான் பெத்துக்க மாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள்.

அப்போலினாரியோ என்னைப் பார்த்தான். நான் அந்தத் தகரத்தைப் பார்த்தேன். அப்புறம் வீட்டுக்குப் போய், என் அப்பா செய்தபடியே, என் சோளத்தைக் கதிரோடு அடுக்கி சாம்பலும் சுண்ணாம்பும் தூவி வைத்தேன். எங்கள் பரம்பரையில் தகரத்துக்குள் சோளம் வைத்தவர் யாரும் இல்லை என்று பெருமையாகச் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மற்றவர்களுக்கும் நினைவிருக்கிறது, அதுதான் சங்கடம்.

எலியோதோரோ கூடவே வந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தான். சிரிக்கவே தெரியாத ஆள் அவன், தகரத்தோடு பழகிப் பழகி முகமும் அப்படியே ஆகிவிட்டது. முதலில் உப்புச் சோதனை. காய்ந்த பாட்டிலில் ஒரு கை சோளம், ஒரு சிட்டிகை காய்ந்த உப்பு. மூடிக் குலுக்கிவிட்டுக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளத்தில் ஈரம் இருக்கிறது, குதிரில் போட்டால் அழுகும்.

அப்போலினாரியோ குலுக்கினான். உடனே பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தான். "ஒட்டலை! கொட்டுங்க!"

"கால்மணி" என்றான் எலியோதோரோ.

"இப்பவே ஒட்டலையே, அப்புறம் மட்டும் எங்க ஒட்டப்போவுது?"

ஹசிந்தா அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு, ரொட்டி தட்டப் போய்விட்டாள். கால்மணி கழித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க உப்பு அப்பியிருந்தது. "உப்புதான் ஈரம்" என்றான் அப்போலினாரியோ. இன்னும் நாலு நாள் முற்றத்தில் படுதா விரித்துச் சோளத்தைக் காயப்போட்டார்கள். அந்த நாலு நாளில் அவன் இளைத்துவிட்டான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, இவன் ஆக்கவும் பொறுக்காதவன்.

ஐந்தாம் நாள் உப்பு ஒட்டவில்லை. குதிரில் விளிம்பு வரை சோளம் நிறைத்தார்கள். அப்போது எலியோதோரோ மற்றதைச் சொன்னான். வண்டைக் கொல்ல மாத்திரை உண்டு, ஆனால் அது ஆளையும் கொல்லும், நீங்கள் படுக்கிற அறையில் வேண்டாம். சோளத்துக்குமேல் ஒரு தட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வையுங்கள். மூடியைப் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பில் இழுத்துச் சுற்றுங்கள். உள்ளே இருக்கிற காற்றில் கொஞ்சத்தை மெழுகுவர்த்தி தின்றுவிட்டு அணையும். மிச்சத்தை வண்டே மூச்சுவிட்டுத் தீர்த்துக்கொண்டு சாகும்.

"முப்பது நாள் திறக்கக் கூடாது" என்று முடித்தான்.

"மெழுகுவர்த்தி அணைஞ்சுடுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் அப்போலினாரியோ.

"திறந்து பாத்தாத் தெரியும்."

"அப்போ திறக்கலாமா?"

"திறக்கக் கூடாது."

இதைச் சொல்லிவிட்டு அந்தத் தகரக்கொல்லன் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு மலையிறங்கிப் போய்விட்டான். என் கொம்பாத்ரே போன்ற ஒரு ஆளிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போக அவனுக்கு எப்படி மனசு வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு கயிறு கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் லிதியா சோளத்தோகையில் பொம்மை செய்துகொண்டிருந்தாள். நான் வாயே திறக்கவில்லை.

"அப்பா குதிர்கிட்டயே போகலை, ஞானப்பா" என்றாள்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே போனால், அப்போலினாரியோ முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் சோளத்தூசி. கையில் தீப்பெட்டி.

"தூசி தட்டினேன்" என்றான்.

"தீக்குச்சியாலயா?"

அவன் எனக்குக் கயிறு கொடுத்தான். கேட்டதைவிட நீளமான கயிறாகவே கொடுத்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

பத்தாம் நாள் ஹசிந்தா கண்டுபிடித்தாள். தீப்பெட்டி காலி. அவர்கள் வீட்டு அடுப்பு ஒருபோதும் அணைவதில்லை, இரவில் சாம்பல் போட்டு மூடிய கங்கைக் காலையில் ஊதிக்கொள்வாள். ஒரு பெட்டி தீக்குச்சி அவளுக்கு ஈஸ்டர் வரை வரும். அவள் குதிரின் அடிவாயைத் திறந்து ஒரு கை சோளம் எடுத்து, முறத்தில் பரப்பி, புருஷன் முன்னால் வைத்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். ஒரு வண்டு மணியைவிட்டு வெளியே வந்து, முறத்தின் ஓரம் வரை நடந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"எத்தனை தடவ திறந்தே?"

"ஒரு தடவ."

"போலோ." அப்போலினாரியோவை அவள் சுருக்கிக் கூப்பிடுகிற பெயர் அது.

"மூணு."

அவள் காலித் தீப்பெட்டியை அவன் மடியில் வைத்தாள்.

"பதினொண்ணு" என்றான்.

"நீ காத்து கொடுத்துக் கொடுத்து வண்டு சாகலை. கொழுத்திருக்கு. அதுகளுக்கு நீதான் ஞானத்தகப்பன்." பிறகு தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "இங்கயும் ஒண்ணு மூடிக் கிடக்கு. இதையும் என்னன்னு திறந்து பாக்கிறியா, மனுசா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் எழுந்து வெளியே போய்விட்டான். வழக்கமாக அவளோடு சண்டைக்கு நிற்கிறவன் அன்று வாய் திறக்கவில்லை. அதுதான் என்னை அவன் பின்னால் போகவைத்தது. அறுத்த வயலில் தட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"கொம்பாத்ரே, நீங்க சோளத்தப் பாக்காம ஒரு மாசம் இருக்க மாட்டீங்களா? அந்தப் புள்ள மயங்கி விழுந்தது மறந்துபோச்சா?" என்று சத்தம் போட்டேன்.

"நான் சோளத்தப் பாக்கலைங்க. மெழுகுவர்த்தியத்தான் பாத்தேன்."

"மெழுகுவர்த்தில என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். "அது கந்தேலாரியா மெழுகுவர்த்திங்க."

கந்தேலாரியா மாதா திருநாளில் மந்திரித்து வாங்கிவந்த மெழுகுவர்த்தி ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். இடி மின்னல் வந்தால் ஏற்றுவோம், சாகப்போகிறவர் கையில் கொடுப்போம். அதை வாயால் ஊதக்கூட மாட்டோம். பாதியில் தானாக அணைந்தால் அந்த வீட்டில் ஒரு உயிர் போகும் என்பது எங்களில் யாரும் சிரிக்காத ஒரு விஷயம். அணைவதற்கென்றே மூடிவைக்கிற இடத்தில் இவன் அதைப் போய் ஏற்றியிருக்கிறான்.

"உங்களுக்கு வேற மெழுகுவர்த்தியே கிடைக்கலையா?"

"கடைக்குப் போய்வர அரைமணி ஆகும்" என்றான்.

இந்த இடத்தில் நான் அவனை அடித்திருப்பேன். ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். "முதல் தடவ சும்மாத்தான் திறந்தேன். ஒரு விரக்கடைகூட எரியலை, அணைஞ்சு கிடந்துச்சு. அதுக்கப்புறம் எப்படிங்க சும்மா இருக்கிறது? யாரு போவா, ஹசிந்தாவா? உள்ள இருக்கிறதா? முழுசா எரியவச்சிரலாம்னு ஏத்தி ஏத்தி வச்சேன். மூடினா அணையுது. ஒவ்வொரு தடவையும் அணையுது, கொம்பாத்ரே."

"இத அவகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நடந்துரும்."

பதினெட்டு வருஷம் அவனோடு சேர்ந்து வயல் உழுதவன் நான். அவன் அவசரத்துக்குள் பயம் ஒன்று ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாமல் போனதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ரகசியம் காக்கும் திறமை என்னிடம் இல்லை. ஹசிந்தாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவள் ரொட்டி தட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். இரண்டு ரொட்டி கல்லில் விழும்வரை யோசித்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"மெழுகுவர்த்தி எங்க அணைஞ்சுது?"

"குதிருக்குள்ள."

"நாம குதிருக்குள்ளயா இருக்கோம்?"

"இல்ல."

"அது யாரு வீடு?"

அவன் விழித்தான்.

"வண்டு வீடு. அணைஞ்ச வீட்டுலதானே உயிர் போகும்? போகட்டும். அதுக்குத்தானே பன்னியக் கொடுத்தேன்."

"இது சாமியார் சொன்னதா?"

"சாமியார் மார்ச்சுல வருவாரு. வண்டு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது."

பாதி நம்பினான். மீதிப் பாதி அவன் கையில் இருந்தது. கை குதிர்ப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அதை அவனே சொன்னான்: "நான் இந்த வீட்டுல இருந்தாத் திறந்துருவேன், ஹசிந்தா. என்ன எங்கயாச்சும் அனுப்பு." கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட அவளைவிட்டு வெளியே தங்காத ஆள் அவன்.

அதனால் ஜனவரி மூன்றாம் தேதி அதே மெழுகுவர்த்தியின் மிச்சத்தை மறுபடி ஏற்றி வைத்து, மூடியைப் போட்டு, இரண்டு டியூபை இறுக்கிச் சுற்றினோம். மூடிமேல் ஹசிந்தா அம்மிக்கல்லை வைக்கச் சொன்னாள். தூக்கியது நான், என் இடுப்புக்கு அது இன்னும் தெரியும். அன்றே அவனை மேலே காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்க அழைத்துப்போனேன். ஊர் முழுக்க, ஏழுமாசத்தைப் பெண்டாட்டி விரட்டிவிட்டாள் என்று பேச்சு.

தோட்டத்தில் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். இவன் கூடையில் பாதி பச்சை. மேஸ்திரி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "ஏய், இது பழுக்கிற வரைக்கும் உன் வாய்க்குள்ள வச்சுக்கிறியா?" மறுநாளிலிருந்து இவன் ஒவ்வொரு பழத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பறித்தான். மூன்றாம் வாரம் மேஸ்திரி இவன் கூடையைத் தூக்கிக் காட்டி மற்றவர்களைத் திட்டினான். அப்போலினாரியோ தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் அவனுக்கு ஒரே கேள்விதான். "அம்மி மேல இருக்கா?"

"உன் பொண்டாட்டி நல்லா இருக்கா."

"அம்மி?"

"இருக்குய்யா."

இருபத்தொன்பதாம் நாள் மலையிறங்கினோம். ஹசிந்தா அவனை வாசலில் நிறுத்திவிட்டாள். "நாளைக்கு" என்றாள். எதிர் வாசலில், என் வீட்டில் உட்கார்ந்து, தன் வீட்டை ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பெண்டாட்டி கொடுத்த காப்பியை ஆறவைத்துக் குடித்தான். அவள் வெளியே வந்து, "உடம்புக்கு ஆகலையா அவருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் பிப்ரவரி இரண்டு, கந்தேலாரியா மாதா திருநாள். நாங்கள் நாள் பார்த்துச் செய்யவில்லை, கணக்கு தானாக அப்படி விழுந்தது. அம்மியை இறக்கினேன். டியூபை அவிழ்த்தேன். அப்போலினாரியோ கண்ணை மூடிக்கொண்டு, "நீங்க பாருங்க" என்றான். தட்டில் மெழுகுவர்த்தி நின்றது, ஒரு விரல் நீளம் மிச்சம். அதைச் சுற்றிச் சோளத்தின்மேல் கடுகு கொட்டியதுபோல் வண்டுகள், அத்தனையும் செத்தவை. உள்ளே கையை விட்டேன். மணிகள் கல்லாக இருந்தன, வெயிலில் காய்ந்த அன்றைக்கு இருந்த வாசனை அப்படியே இருந்தது. என் பரணில் அந்த வாசனை எப்போதோ போயிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஹசிந்தா செத்த வண்டுகளை ஒரு தட்டில் வழித்து அவன் முன்னால் வைத்தாள். "இந்த வீட்டுச் சாவு இவ்வளவுதான். எண்ணிக்கோ."

அவன் உண்மையிலேயே எண்ண ஆரம்பித்தான். நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுத் தட்டைக் கோழிக்குப் போட்டான். மெழுகுவர்த்தித் துண்டை ஹசிந்தா ஒரு துணியில் சுற்றி, மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். "மிச்சம் எரிய ஒரு நாள் வரும்" என்றாள்.

ஏப்ரல் முடிவில் அவளுக்கு ஏழு மாதம். அந்த வாரம் முழுக்க அப்போலினாரியோ அவள் பின்னாலேயே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நடந்தான், பிள்ளை தன்னைப்போலவே நடுவழியில் வந்துவிடும் என்று. வரவில்லை. மே மாதமும் போனது. அவர்கள் வீட்டில் ரொட்டி வெள்ளையாகவே இருந்தது. லிதியாவின் கன்னம் உப்பியிருந்தது, பள்ளிக்கூடத்தில் அவள் மற்ற பிள்ளைகளைத் துரத்தி அடிப்பதாகப் புகார் வந்தது. ஞானத்தகப்பனாக அந்தப் புகாரைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் வீட்டுக்கு ஜூன்கள் மே பதினைந்தாம் தேதி வந்தன. சாம்பலையும் சுண்ணாம்பையும் வண்டு தின்னவில்லை, மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஐந்து வாரம் வாழைக்காய் ரொட்டி தின்றோம். பிறகு வாழைக்காயும் தீர்ந்தது. என் பெண்டாட்டி ஒரு காலிக் கூடையை என் காலடியில் வைத்தாள். பரம்பரையைப் பற்றி நான் பேசிய பேச்செல்லாம் அந்தக் கூடையில் கிடப்பதுபோல் எனக்கு இருந்தது.

ஸ்நாபக அருளப்பர் திருநாள், ஜூன் இருபத்துநாலு. காலையில் கூடையை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு அவர்கள் வாசலை மூன்று முறை தாண்டிப் போனேன். நாலாவது முறை பார்த்தால் கதவு சாத்தியிருந்தது, அப்போலினாரியோ வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே மருத்துவச்சி பெத்ரோனாவின் குரல் கேட்டது, ஹசிந்தாவின் முனகலும் கேட்டது.

"எப்ப இருந்து?"

"விடியக்காலைல இருந்து." அவன் கூடையைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? அவன் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், பன்றி, குட்டி, பரம்பரை எல்லாம் அவன் கையில் தயாராக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத அந்த மனுஷன், கூடையை வாங்கிக் கதவோரமாக வைத்தான். "உள்ள இருக்குங்க. கொஞ்சம் பொறுக்கணும்" என்றான்.

அவனுக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் அந்த ஒரே அறைக்குள் இருந்தன. இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் ஏறியது. வலி தொடங்கியதும் ஹசிந்தா அந்த மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றச் சொன்னாளாம், அதையும் சொன்னான். ஒருமுறை உள்ளே அவள் பெரிதாகக் கத்தினாள். அவன் கை தாழ்ப்பாளுக்குப் போனது. தொட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அந்தக் கையைத் தானே இறக்கி, மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

"போய்ப் பாருங்களேன்" என்றேன். எனக்கே பொறுக்கவில்லை.

"திறந்தா உள்ள காத்து போகும், கொம்பாத்ரே. அணைஞ்சுடும்."

சிறிது நேரத்தில் குழந்தை அழுதது. நல்ல கனமான குரல், ஒன்பது மாதமும் இருந்துவிட்டு வந்த குரல். அப்போதும் அவன் திறக்கவில்லை. கண்ணீர் தாடையில் வழிய, தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கடைசியில் பெத்ரோனாதான் கதவைத் திறந்து, ஒரு தட்டை நீட்டினாள். தட்டில் மெழுகு உருகிப் பரவி உறைந்திருந்தது, நடுவில் கருகிய திரியின் நுனி மட்டும் இருந்தது.

"முழுசா எரிஞ்சுருச்சு, உன்கிட்டக் காட்டணுமாம். ஆம்பளப் புள்ள. இந்த வீட்டுல முதல்ல தட்ட ஏன் காட்டச் சொல்றா, எனக்குப் புரியலை" என்றாள்.

அவன் தட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினான். ஏழுமாசம் மறுபடி ஏழுமாசம் ஆகி, கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து ஹசிந்தாவின் குரல் வந்தது, களைத்துப்போய், ஆனால் அதே குரல். "கொம்பாத்ரே வெளிய கூடையோட நிக்கிறார்ல? காலைல இருந்து நாலு தடவ நடந்தது எனக்குக் கேக்காமலா இருக்கும்? போலோ, புள்ளைய அப்புறம் பாரு. அந்தக் கூடைய வாங்கு."

குதிரின் அடிவாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோளம் கூடையில் விழும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு மெழுகுத் தட்டோடு நின்று நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த வருஷம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஜூன் ஒரே ஒரு மாதம்தான்.